திறமைக்கு எது சான்று?

கோடைக்கானல் வானாய்வுக் கூடமும் ஐரோப்பியக் குடியேற்ற அனுமதிகளும்

ஐரோப்பாவில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்னும் விருப்பம் நம் கல்லூரி மாணவர் பலருக்கு உண்டு. ஜெர்மனியிலோ, நெதர்லாந்திலோ, பிரான்சிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமே நடந்துவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் இடம் தருவது ஆய்வுக்கூடம். நாட்டுக்குள் விடுவது அரசு. அரசின் கண்ணில் நீங்கள் 'உயர்திறன் பெற்றவர்' என்று மெய்ப்பிக்கப்பட வேண்டும். அதன் பிறகே அங்கே பணிபுரியவும் தங்கியிருக்கவும் அனுமதி கிடைக்கும்.

உயர்திறன் என்றால் என்ன? பொருளின் எடையைத் தராசில் நிறுத்து விடலாம். மின்னோட்டத்தை அம்மீட்டர் காட்டிவிடும். மனிதனின் திறமையை எந்தக் கருவி கொண்டு அளப்பது? அளக்கத் தவறினால் இழப்பு யாருக்கு?

இக்கேள்வியை ஆராய நாம் ஐரோப்பாவில் தொடங்க வேண்டியதில்லை. பழனி மலைத்தொடரின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2340 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் வானாய்வுக் கூடம் இருக்கிறது. ஏரியையும் பில்லர் பாறையையும் பார்க்கச் செல்வோரில் பலர் அதை எட்டிப் பார்ப்பதில்லை. அயல்நாட்டிலிருந்து அறிஞர்கள் வந்ததும், நம் நாட்டு அறிஞர்கள் அயல்நாடு சென்றதும், அவர்களை யார் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதும் அதன் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. முதலில் அந்தக் கதையைப் பார்ப்போம். பிறகு இன்றைய ஐரோப்பிய விதிகளை அதனோடு ஒப்பிடுவோம்.

பஞ்சம் தந்த கூடம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அரசையும் அறிவியலாரையும் உலுக்கியது. கதிரவனின் முகத்தில் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதும் குறைவதும் அப்போதே தெரிந்திருந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சிலர் கருதினர். எனவே கதிரவனை நாள்தோறும் ஆராய ஒரு கூடம் தேவைப்பட்டது.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இலிருந்தே ஒரு வானாய்வுக் கூடம் இருந்தது. ஆயினும் கதிரவ ஆராய்ச்சிக்குத் தூசியற்ற, தெளிந்த மலைக்காற்று வேண்டும். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து, 1891-இல் அரசு வானியலாளரான சார்லஸ் மிச்சி ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் மலைகளை ஆராய்ந்து கோடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் முதல் நாள் சென்னைக் கூடத்தின் வானியல் பணிகள் மலைக்கு மாற்றப்பட்டன. அக்காலத்தில் மேலே செல்ல மோட்டார்ச் சாலை கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏற வேண்டும். கருவிகளும் அப்படியே மலையேறின.

கரும்புள்ளிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு நினைத்ததுபோல் எளிதானதன்று என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனால் 1904 முதல் கோடைக்கானலில் எடுக்கப்பட்டு வரும் கதிரவப் படங்கள் இன்று உலக வானியலாருக்குக் கிடைத்தற்கரிய செல்வமாக விளங்குகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலான கதிரவனின் நாட்குறிப்பு அது எனலாம்.

இக்கூடத்தின் முதல் மூன்று இயக்குநர்கள் மிச்சி ஸ்மித், ஜான் எவர்ஷெட், தாமஸ் ராய்ட்ஸ். மூவரும் பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் எவரும் இங்கே பணிபுரிய அனுமதி கேட்டு விண்ணப்பித்ததில்லை. ஆளும் நாட்டின் குடிமக்களுக்கு நியமனக் கடிதமே போதுமானதாக இருந்தது. மிச்சி ஸ்மித் 1911-இல் ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பவில்லை. கோடைக்கானலிலேயே தங்கி, 1922-இல் அங்கேயே காலமானார். எத்தனை ஆண்டு தங்கலாம் என்று அவரை யாரும் கேட்கவில்லை.

பட்டம் பெறாத இயக்குநர்

இம்மூவருள் எவர்ஷெட்டின் கதை நம் கேள்விக்கு மிகவும் பொருந்துவது. 1864-இல் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் பிறந்த அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் இலண்டனில் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் அங்கே வேலை. மற்ற நேரத்தில் சொந்தமாக அமைத்த சிறு வானாய்வுக் கூடத்தில் கதிரவ ஆராய்ச்சி. நிறமாலைக் கருவிகளைத் தாமே வடிவமைத்தார். கிரகணம் தெரியும் இடங்களுக்குக் கருவிகளுடன் பயணம் செய்தார். 1898-இல் முழுச் சூரிய கிரகணத்தின்போது இந்தியாவுக்கே வந்து நிறமாலைப் படங்கள் எடுத்தார்.

இத்தகைய ஒருவருக்கு 1906-இல் கோடைக்கானலில் உதவி இயக்குநர் பதவி தரப்பட்டது. அவருடைய பட்டத்தை யாரும் தேடவில்லை. அவர் வெளியிட்ட ஆய்வுகளையும், எடுத்த படங்களையும் துறை அறிந்தோர் பார்த்திருந்தனர். அவ்வாண்டு மணம் செய்துகொண்ட எவர்ஷெட்டும் மேரியும் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு, ஜப்பான் வழியாக 1907 ஜனவரியில் கோடைக்கானல் வந்து சேர்ந்தனர்.

இரண்டே ஆண்டுகளில் அந்த நியமனம் பலன் தந்தது. 1909 ஜனவரியில், கரும்புள்ளி ஒன்றின் நிறமாலையைப் படமெடுத்த எவர்ஷெட், புள்ளியைச் சுற்றியுள்ள அரைநிழல் பகுதியில் நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். அதன் பொருள் என்ன? நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் ஒலிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒளியிலும் அவ்வாறே. நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடுகள் நீலப் பக்கமும், விலகும் வாயுவின் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். எவர்ஷெட் பார்த்த புள்ளியில் கதிரவத் தட்டின் மையத்தை ஒட்டிய பக்கத்துக் கோடுகள் நீலத்தை நோக்கியும், விளிம்பை ஒட்டிய பக்கத்துக் கோடுகள் சிவப்பை நோக்கியும் நகர்ந்திருந்தன. அப்படியானால் வாயு, புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளிநோக்கிப் பாய்கிறது! அந்த வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். 'எவர்ஷெட் விளைவு' என்ற பெயரில் இன்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறும் இந்த உண்மை நம் பழனி மலையில் கண்டறியப்பட்டதாகும். 1911-இல் அவர் இயக்குநரானார். 1915-இல் இராயல் கழக உறுப்பினரானார்.

கப்பலேறிய கும்பகோணத்துக் கணக்கர்

பட்டமில்லாத இன்னொரு மேதையை நீங்கள் நன்கு அறிவீர்கள். இராமானுஜன் இடைநிலைத் தேர்வில் தேறவில்லை. சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கராக வேலை பார்த்து வந்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அவருக்காகச் சென்னையில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தைச் சிலரே சொல்வர். அதை எழுதியவர் கில்பர்ட் வாக்கர்.

வாக்கர் யார்? கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். 1904 முதல் இந்திய வானிலை ஆய்வுத்துறையின் தலைவர். கோடைக்கானல் கூடம் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தது. அதாவது எவர்ஷெட்டுக்கும் மேலதிகாரி அவரே. 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த அவர் இராமானுஜனின் குறிப்புகளைப் பார்த்தார். இவருக்குச் சில ஆண்டுகளாவது கவலையின்றிக் கணக்கு ஆராய வழிசெய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது அன்றைய விதி. பல்கலைக்கழகம் அந்த விதியை விலக்கி வைத்து, மாதம் 75 ரூபாய் வழங்க முடிவு செய்தது. பின்னர் இங்கிலாந்து செல்லவும் ஆண்டுக்கு 250 பவுன் தந்தது.

1914 மார்ச் 17-ஆம் நாள் இராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறினார். பிரிட்டிஷ் பேரரசின் குடிமகன் என்ற முறையில் இங்கிலாந்தில் இறங்க அவருக்கு விசா எதுவும் தேவைப்படவில்லை. அங்கே செய்த ஆராய்ச்சிக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. 1918-இல் அவரும் இராயல் கழக உறுப்பினரானார். மேதைமை முதலில் வந்தது. பட்டம் பின்னால் வந்தது.

வழி எல்லோருக்கும் திறந்திருந்ததா?

இவற்றைப் படிக்கும்போது, 'விதிகளும் சான்றிதழ்களும் இல்லாத அந்தக் காலமே நன்று' என்று உங்களுக்குத் தோன்றலாம். அவசரப்படாதீர்கள்.

சென்னை வானாய்வுக் கூடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஓர் உதவியாளர் இருந்தார். அரசு வானியலாளர் நார்மன் போக்சனின் கீழ் பணியாற்றியவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் இராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1874-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டார். 1880-இல் இறக்கும்வரை அவர் உதவியாளராகவே இருந்தார். அவரிடமும் பட்டம் இல்லை. எவர்ஷெட்டிடமும் பட்டம் இல்லை. ஒருவருக்கு அது தடையாகவில்லை. மற்றவருக்குத் தலைமைப் பதவி எட்டாத உயரத்தில் இருந்தது. தடையாக இருந்தது எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோடைக்கானலிலும் அதே நிலைதான். நாள்தோறும் படமெடுத்து, புள்ளிகளை எண்ணி, கணக்கிட்டு வந்தவர்களில் இந்திய உதவியாளர்கள் பலர். ஆயினும் இந்தியர் ஒருவர் அங்கே இயக்குநராவதற்கு 38 ஆண்டுகள் ஆயின. 1937-இல் ஏ. எல். நாராயண் அப்பதவியை ஏற்றார்.

எவர்ஷெட்டின் மனைவி மேரியையும் மறக்கக் கூடாது. கணவரோடு சேர்ந்து கதிரவனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டவர் அவர். தென்வான விண்மீன்களைப் பற்றியும், நிலவின் பகுதிகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களைப் பற்றியும் நூல்கள் எழுதினார். கோடைக்கானலில் அவருக்குப் பதவியும் இல்லை, ஊதியமும் இல்லை.

எல்லாப் பட்டங்களும் இருந்தும் இடம் கிடைக்காதவரும் உண்டு. குவாண்டம் இயற்பியலின் தந்தையருள் ஒருவரான மாக்ஸ் போர்ன், யூதர் என்பதால் 1933-இல் ஜெர்மனியில் வேலை இழந்தார். கேம்பிரிட்ஜில் கிடைத்தது தற்காலிகப் பதவி. அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்த சி. வி. இராமன் அவரை அழைத்தார். 1935-36 குளிர்காலத்தில் போர்ன் பெங்களூரில் தங்கிப் பாடம் நடத்தினார். அவரை நிலையாக அமர்த்த இராமன் விரும்பினார். கழகத்துக்குள் எதிர்ப்பு எழுந்தது, பதவி கைகூடவில்லை. போர்ன் 1936-இல் எடின்பரோவுக்குச் சென்றார். 1954-இல் நோபல் பரிசு பெற்றார். தென்னிந்தியாவில் வேரூன்றியிருக்கக் கூடிய ஓர் ஆராய்ச்சி மரபு இப்படிக் கைநழுவியது.

ஆக, எழுதப்பட்ட விதி இல்லாத காலத்தில், திறமையை அறிந்தவர் கையில் அதிகாரம் இருந்தால் எவர்ஷெட்டும் இராமானுஜனும் உயர்ந்தார்கள். அதிகாரம் வேறு கையில் இருந்தால் திறமை தோற்றது. எதிர்த்து முறையிட ஒரு விதிகூட இல்லை.

கடவுச்சீட்டு வந்த கதை

1914-இல் மூண்ட முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. அதற்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே பயணம் செய்ய முடிந்தது. ஒற்றர்களைத் தடுக்க என்று கொண்டுவரப்பட்ட கட்டுப்பாடுகள் போர் முடிந்த பின்னும் போகவில்லை. இந்தியாவில் 1920-இல் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அரசின் உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜ் சென்றார். பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் அங்கே அவர் தங்குவதற்குத் தடையில்லை. கோட்டிங்கனிலும் கோபன்ஹேகனிலும் சில காலம் ஆராய்ந்தார். அமெரிக்காவின் நிலை வேறு. அங்கே 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதி மக்கள் குடியேறுவதைத் தடுத்தது. ஆசிரியர், மாணவர், மருத்துவர் முதலிய சிலருக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. 1937-இல் சந்திரசேகர் அமெரிக்கா சென்று யெர்க்ஸ் வானாய்வுக் கூடத்தில் சேர்ந்தார். ஆனால் இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946 வரை சட்டம் இடம் தரவில்லை. அவர் குடியுரிமை பெற்றது 1953-இல்.

பிரிட்டனும் 1962-இல் கதவைச் சாத்தத் தொடங்கியது. அவ்வாண்டின் காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தின்படி, இந்தியர் அங்கே வேலைக்குச் செல்ல அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அச்சீட்டுகள் மூன்று வகை: வேலை உறுதியானவர்களுக்கு ஒன்று, தேவைப்படும் தகுதி பெற்றவர்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. 'திறமை உள்ளவர்' என்று ஒரு தனி வரிசை சட்டத்தில் இடம்பெற்றது. அந்த வரிசையில் இந்திய மருத்துவர்கள் பலர் பிரிட்டன் சென்றனர். 1973-இல் எண்ணெய் நெருக்கடியின்போது ஜெர்மனி அயல்நாட்டுத் தொழிலாளரைச் சேர்ப்பதை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பிரான்சும் நிறுத்தியது.

நீல அட்டை

பிறகு கதவு மீண்டும் சிறிது திறந்தது. கணிப்பொறி வல்லுநர் தேவைப்பட்டதால் ஜெர்மனி 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 20,000 பேர் வரை, ஐந்தாண்டு வரை தங்கிப் பணிபுரியலாம். நெதர்லாந்து 2004-இல் 'அறிவுக் குடியேறி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு ஏற்ற நிறுவனம் ஒன்று, குறித்த அளவுக்கு மேல் ஊதியம் தந்து அழைத்தால் அனுமதி விரைவில் கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் பொதுவாக இரு வாயில்கள் உருவாயின. ஒன்று ஆராய்ச்சியாளருக்கானது. 2005-இல் வந்து, 2016-இல் திருத்தப்பட்டது. ஆராய்ச்சி நிலையம் உங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஆய்வு முடிந்தபின் வேலை தேடக் குறைந்தது 9 மாதம் தங்கியிருக்கலாம். மற்றொன்று 2009-இல் வந்த 'நீல அட்டை'. அதற்கு மூன்றாண்டுக்குக் குறையாத பட்டப் படிப்பும், ஓராண்டு வேலை ஒப்பந்தமும், அந்நாட்டுச் சராசரி ஊதியத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஊதியமும் வேண்டும் என விதித்தார்கள். ஆண்டுச் சராசரி 40,000 யூரோ என்று கொண்டால் 60,000 யூரோ கிடைக்க வேண்டும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இது எளிதன்று.

2021-இல் விதிகள் தளர்த்தப்பட்டன. ஆறு மாத ஒப்பந்தம் போதும். ஊதிய வரம்பைச் சராசரிக்கும் அதன் 1.6 மடங்குக்கும் இடையில் அந்தந்த நாடு முடிவு செய்யலாம். தகவல் தொழில்நுட்பத் துறையின் குறிப்பிட்ட பணிகளுக்குப் பட்டம் இல்லாவிட்டாலும் மூன்றாண்டுப் பணி அனுபவம் ஏற்கப்படும். வேறு தொழில்களில் ஐந்தாண்டு அனுபவத்தை ஏற்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நாடும் தீர்மானிக்கும். ஓராண்டுக்குப் பின் இன்னோர் ஒன்றிய நாட்டுக்கு மாறலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இத்திட்டத்தில் இல்லை. தத்தம் விதிகளை வைத்துள்ளன.

எவர்ஷெட் இன்று விண்ணப்பித்தால்...

இப்போது ஒரு கற்பனைச் சோதனை செய்து பார்ப்போம். இயற்பியலில் இத்தகைய எண்ணச் சோதனைகள் வழக்கம் அன்றோ?

எவர்ஷெட் இன்று இந்தியராகப் பிறந்து, ஐரோப்பிய வானாய்வுக் கூடம் ஒன்றின் அழைப்போடு நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சியாளர் வாயிலில் நுழைய, முனைவர் பட்டமோ அதற்குச் சேரும் தகுதி தரும் உயர்கல்விப் பட்டமோ வேண்டும். அவரிடம் இல்லை. நீல அட்டை வாயிலுக்குச் செல்கிறார். பட்டத்துக்குப் பதில் பணி அனுபவத்தை ஏற்கும் நாடாகவே இருக்கட்டும். அவருடைய ஊதியம் பெற்ற அனுபவம் வேதிப்பொருள் நிறுவனத்தில். வானியல் அவர் ஓய்வு நேரத்தில் செய்தது. பணி அனுபவம் என்று அதை எப்படிக் காட்டுவது? இராமானுஜனோ துறைமுகக் கணக்கர். மாதம் 30 ரூபாய் ஊதியத்தை வைத்து எந்த நாட்டின் வரம்பைத் தாண்டுவது? இருவர் விண்ணப்பமும் திரும்பி வரும்.

இதனால் அலுவலரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலர் நிறமாலைப் படத்தையோ முடிவிலாத் தொடரையோ படித்து மதிப்பிட முடியாது. பட்டம், ஊதியம், ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் எவரும் சரிபார்க்கலாம். ஆகவே அரசு திறமையை அளப்பதில்லை. திறமைக்கு அருகில் பெரும்பாலும் காணப்படும் சில அடையாளங்களை அளக்கிறது. வெப்பமானி வெப்பத்தை நேரே அளப்பதில்லை, பாதரசம் விரிவதை அளக்கிறது அல்லவா? பெரும்பாலும் அது சரியான விடை தரும். வெப்பமானியின் எல்லைக்கு அப்பால் உள்ளதை அது காட்டாது. எவர்ஷெட்டும் இராமானுஜனும் அந்த எல்லைக்கு அப்பால் நின்றவர்கள்.

எழுதிய விதியின் பயன்

அப்படியானால் ரகுநாதாச்சாரி? அவர் இன்று இருந்தால், எழுதப்பட்ட விதி ஒன்றை எடுத்துக் காட்டி, 'எனக்கு ஏன் இல்லை?' என்று கேட்க முடியும். இந்த வேறுபாடு சிறிதன்று. பிரிட்டன் 2002-இல் உயர்திறன் குடியேறிகளுக்கென ஒரு திட்டம் கொண்டுவந்தது. படிப்பு, முன்பு ஈட்டிய ஊதியம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. அதை நம்பி இந்தியர் பலர் குடும்பத்தோடு சென்றனர். 2006-இல் அரசு விதிகளை மாற்றி, ஏற்கனவே வந்துவிட்டவர்களுக்கும் அவற்றைப் பொருத்தியது. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தனர். 2008 ஏப்ரலில் இலண்டன் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு விதியைச் சொல்லி அழைத்துவிட்டு, வந்தபின் வேறு விதியால் வெளியேற்றுவது முறையன்று என்பதே அதன் சாரம். எழுதிய விதி இருந்ததால் அல்லவா வழக்கு நின்றது?

அந்தப் பழைய முறையின் நல்ல பகுதியும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பிரிட்டன் 2020-இல் தொடங்கிய 'உலகத் திறமை' விசாவில் வேலை ஒப்பந்தமும் ஊதிய வரம்பும் கேட்கப்படுவதில்லை. இராயல் கழகம் போன்ற அறிஞர் அமைப்புகள் விண்ணப்பதாரரின் ஆய்வைப் பார்த்துப் பரிந்துரைக்கலாம். 1913-இல் வாக்கர் எழுதிய கடிதத்தின் வேலையை இப்போது ஒரு குழு செய்கிறது. துறை அறிந்தவரின் கண்ணும், எல்லோருக்கும் பொதுவான விதியும் சேரும் இடத்தில்தான் நீதிக்கு வாய்ப்பு அதிகம்.

மாணவ நண்பர்களே! ஐரோப்பா செல்ல நினைத்தால், ஆய்வுக்கூடத்தின் பெயரைப் பார்ப்பதோடு அனுமதியின் நிபந்தனைகளையும் ஊன்றிப் படியுங்கள். எந்த வாயில் வழியாகச் செல்கிறீர்கள்? வேலை போனால் எத்தனை மாதம் தங்கலாம்? நீல அட்டையில் இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தவருக்கு மூன்று மாதம், அதற்கு மேல் இருந்தவருக்கு ஆறு மாதம் என்பது 2021 விதி. முதல் ஆண்டில் வேலை மாற அந்த அரசின் ஒப்புதல் தேவைப்படலாம். வாழ்க்கைத் துணைக்கு அங்கே வேலை செய்ய உரிமை உண்டா? நீல அட்டையில் உண்டு. மேரி எவர்ஷெட்டின் நிலை உங்கள் வீட்டில் நேர வேண்டாம்.

திரும்பி வரும் வழியையும் பாருங்கள். நீல அட்டையில் சென்று நீண்டகால வசிப்புத் தகுதி பெற்றவர், இரண்டாண்டு வரை ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் அத்தகுதியை இழப்பதில்லை. தாய்நாட்டில் வந்து பணிசெய்ய அந்த விதியில் இடமிருக்கிறது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, பாலோமர் வானாய்வுக் கூடத்தில் ஆராய்ந்த வைணு பாப்பு 1953-இல் இந்தியா திரும்பினார். 1960-இல் கோடைக்கானல் கூடத்தின் இயக்குநரானார். காவலூரில் தொலைநோக்கிகள் எழுந்தது அவர் முயற்சியால். 1979-இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவரானார்.

மலையில் அந்தப் பழைய கூடம் இன்றும் வேலை செய்கிறது. அடுத்த முறை கோடைக்கானல் சென்றால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். மேலே ஏறிச் சென்று, 1909-இல் பட்டமில்லாத ஒரு மனிதர் கதிரவனைப் படித்த இடத்தைப் பார்த்து வாருங்கள்.